துப்பாக்கியில் கட்டிய தகரம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

உன்னுடைய மூன்று கடிதங்களும் ஒரே கட்டாக ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மூன்றிலும் திட்டுதான். தேதி பார்க்காமல் கடைசியில் இருந்து பிரித்துவிட்டேன். அதனால் முதலில் "இனிமே உனக்கு ஒரு வரி எழுதினா என்னைச் செருப்பால அடி", அடுத்தது "உனக்குக் கை என்ன முறிஞ்சா போச்சு", கடைசியில் "செல்லத் தம்பிக்கு" என்று உன் கோபம் படிப்படியாக இறங்கி வந்தது. படித்து முடித்தபோது மனசு நிறைந்துவிட்டது. இனிமேல் எல்லாக் கடிதத்தையும் இப்படியே படிக்கலாம் என்று இருக்கிறேன்.

இதை லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சரக்கு ஏற்ற உன் பக்கம்தான் அடிக்கடி வருகிறார். தபாலில் போட்டால் இங்கே ஒரு அதிகாரி பிரித்துப் படித்து, வேண்டாததற்கெல்லாம் மை பூசி அனுப்புவார். போன கடிதத்தில் நான் மழை என்று எழுதியதற்கே மை பூசிவிட்டார். மழை என்ன ராணுவ ரகசியமா?

இருப்பது ஒரு பழைய கிடங்கில். சுவரெல்லாம் ஓதம். காலுறை காய்வதே இல்லை, ஈரத்தோடு மாட்டி ஈரத்தோடு கழற்றுகிறேன். தூக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன், தூங்கி எழுந்தாலும் அசதி போவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இங்கே கொடுக்கும் துப்பாக்கி எல்லாம் வலது கைக்காரனுக்காகச் செய்தது. சுட்டவுடன் தோட்டாவின் காலிக் கூடு வலது பக்கமாகத் தெறிக்கும். நான்தான் பீச்சாங்கை ஆயிற்றே. இடது தோளில் வைத்துச் சுட்டால் அந்தக் கூடு நேராக என் மூஞ்சிக்கு வரும். கொதிக்கக் கொதிக்க. ஒரு தடவை காலருக்குள் விழுந்து நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சிரித்தது.

எங்கள் பட்டறையில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். தட்டுமுட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஒரு சாமானையும் தூக்கிப் போடமாட்டார். அவர் ஒரு பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி, வளைத்து, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, கம்பியால் என் துப்பாக்கியில் கட்டிவிட்டார். இப்போது கூடு அந்தத் தகரத்தில் பட்டு முன்னால் போய் விழுகிறது. என் மூஞ்சி பிழைத்தது. அதைப் பார்த்து ஒவ்வொருவனாக வரிசையில் நிற்கிறான். ஒருவனுக்குக் கட்டையில் சைக்கிள் டியூப் சுற்ற வேண்டும், ஒருவனுக்கு வார் பத்தவில்லை. எல்லோருக்கும் செய்கிறார். செய்துவிட்டு, "இது அரசாங்கச் சொத்துடா. நான் தொடவே இல்லை, நீ பார்க்கவே இல்லை" என்கிறார்.

ஐம்பது தாண்டியவர். இரண்டு முட்டியும் போய்விட்டது, மூச்சு வேறு இழுக்கும். குளிர் தாங்காத அந்த மனுஷன் தன் போர்வையை எனக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு வேர்க்குதுடா" என்கிறார். பெரிய புளுகர்.

போன வாரம் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து லாரிக்குப் பக்கத்தில் எங்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார். எங்காவது வந்தால் அப்பாவிடம் காட்டு.

உன் தம்பி


ஜனவரி 30

செல்லத் தம்பிக்கு,

டிரைவர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டீ குடிக்கக்கூட உட்காரவில்லை. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை, அதனால் படிப்பது அல்ல, கத்துவது. காலருக்குள் விழுந்த கதையை நான் கத்த, மேல் வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடிவந்துவிட்டார். அப்பா சிரித்தார். சிரித்து முடித்ததும், "அவன் ஏன் கால் ஈரம்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டு முகம் வாடிப்போனார். இனிமேல் காலுறை விஷயத்தைத் தனித் தாளில் எழுது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் கூட்டாளிகளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முன்பு எழுதியிருந்தாய். படம் பார்க்கும் வேலை என்று சொல். பத்திரிகைக்காரர்கள் எடுத்தது, சிப்பாய்களே எடுத்து வெளியிட்டது எல்லாம் எங்களிடம் வரும். யார் கையில் எந்தத் துப்பாக்கி, அதில் கம்பெனி கொடுத்தது எது, பிறகு மாட்டியது எது என்று பெரிதாக்கிப் பார்த்து எழுத வேண்டும். கைப்பிடி, டார்ச், குறிபார்க்கும் கண்ணாடி, எதையும் விடக் கூடாது. எந்தச் சரக்கு எந்தப் படைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள மாதாமாதம் எங்கள் அறிக்கைக்காகக் காத்திருக்கிறவர்கள் உண்டு. நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் பஸ் நம்பரைப் பார்த்தால் மங்கலாகத் தெரிகிறது.

எங்கள் தலைமை ஆய்வாளரைப் பூதக்கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடுவது அவருக்கும் தெரியும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு அலுவலகமே இரண்டுபட்டுக் கிடந்தது. எந்தப் படம், என்ன சண்டை என்று தபாலில் எழுத முடியாது. சண்டையை நான் தீர்த்துவைத்தேன் என்று மட்டும் தெரிந்துகொள். பூதக்கண்ணாடி எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "நான் தோத்தேன்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அதற்கு நீதான் காரணம். எப்படி என்று நேரில் வரும்போது சொல்கிறேன், சிரிப்பாய்.

போர்வையைத் திருப்பிக் கொடு. உனக்கு நான் ஒன்று அனுப்புகிறேன்.

உன் அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

போர்வை வந்தது. இதுவும் டிரைவர் கையில்தான் வருகிறது. படித்துவிட்டு அப்பாவிடம் கத்தாதே.

இங்கே நிலைமை சரியில்லை. ஏதோ ஒரு அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு பத்திரிகையில் கேலிப்படம் போட்டிருக்கிறார்கள். தலையில் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு சிப்பாய் நிற்கிறான். கீழே "தகர டப்பாப் படை". பக்கத்தில் எங்கள் லாரி நம்பர் தெளிவாகத் தெரிய, அன்று பத்திரிகைக்காரர் எடுத்த அந்தப் படம். மேலிடத்தில் யாருக்கோ ரோஷம் வந்து, அது படிப்படியாக இறங்கி எங்கள் கமாண்டர் தலையில் விழுந்து, அவர் எங்கள் தலையில் இறக்கிவிட்டார்.

மைதானத்தில் தார்ப்பாய் விரித்து எல்லாத் துப்பாக்கியையும் வரிசையாக வைக்கச் சொன்னார்கள். டியூப், டேப், கம்பி, தகரம், எல்லாவற்றையும் பிய்த்துக் குவித்தார்கள். கமாண்டர் கையில் அச்சடித்த அந்த அறிக்கை. அதைச் சத்தமாகப் படித்தார். "விளிம்பு சீராக வெட்டப்படவில்லை. ஆணியால் அடித்த இரண்டு துளைகள். உட்புறம் அச்செழுத்தின் மிச்சம். தொழிற்சாலைத் தயாரிப்பு அல்ல. களத்தில் கையால் செய்யப்பட்டது. இடக்கைப் பழக்கம் உள்ளவருக்காக இருக்கலாம்." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே நான் ஒருவன்தான் பீச்சாங்கை.

யார் செய்தது என்று கேட்டார். எல்லோரும் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அனுமதி இல்லாமல் அரசாங்கத் துப்பாக்கியில் கை வைப்பது குற்றம். யாரும் சொல்லாவிட்டால் பட்டறைக்காரன்தான் என்று முடிவு கட்டி, தட்டுமுட்டு அண்ணனை மேட்டுச் சாவடிக்கு அனுப்பிவிடுவார்களாம். அது என்ன இடம் என்று உனக்குச் சொன்னதில்லை. மலை மேல் இருக்கிறது. நாங்கள் முறை வைத்துப் போகும் இடம் அல்ல, தண்டனைக்கு அனுப்பும் இடம். சுடுகிற சத்தம் இங்கேயே கேட்கும். போனவர்கள் முழுசாக இறங்கி வருவது அபூர்வம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஏறி முடிப்பதே சந்தேகம்.

அறிக்கையின் மேல் உங்கள் அலுவலகத்தின் பெயர் இருக்கிறது. அதை எழுதிய ஆள் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். அது மனுஷக் கண்ணா, பேய்க் கண்ணா? எப்படியாவது அவரிடம் பேசு. கையைக் காலைப் பிடி. தவறாகப் பார்த்துவிட்டேன், தொழிற்சாலையில் செய்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி எழுதச் சொல். அந்த ஒரு வரி வந்தால் எதையாவது சொல்லி அவரைக் காப்பாற்றிவிடலாம்.

டிரைவரிடமே பதில் கொடுத்தனுப்பு.

உன் தம்பி


மார்ச் 23

அக்காவுக்கு,

டிரைவர் வெறும் கையோடு வந்துவிட்டார். "இன்னும் எழுதி முடிக்கலைன்னாங்க" என்கிறார். கடிதம் எழுத உட்கார்ந்தால் விடியும் வரை எழுதுகிறவள் நீ.

உடம்புக்கு ஏதாவதா? அப்பாவுக்கா? எதுவாக இருந்தாலும் சொல்.

அண்ணன் பெட்டியைக் கட்டிவிட்டார். சாமான்களை எல்லாம் ஒவ்வொருவனிடமும் பங்கு போட்டுக் கொடுக்கிறார். ஒரு பொருளையும் தூக்கிப் போடாத மனுஷன். பார்க்க முடியவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 6

தம்பி,

அப்பா நன்றாக இருக்கிறார். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். டிரைவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே வந்து பேனாவை எடுத்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது மறுபடியும் வந்திருக்கிறார்.

அந்த அறிக்கையை எழுதியது நான்தான்.

அலுவலகமே சண்டை போட்ட அந்தப் படத்தில் உன் துப்பாக்கியின் பக்கவாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. யாருக்கும் புரியவில்லை. புதிதாக ஒரு கம்பெனி உங்கள் படைக்குப் பாகம் கொடுக்கிறது என்று பூதக்கண்ணாடி சாதித்தார். நானும் எத்தனையோ தடவை பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. மறுநாள் காலை அதே படத்தைத் திறந்தேன். ஆணி ஓட்டை தெரிந்தது. விளிம்பு தெரிந்தது. உன் கடிதத்தில் படித்த பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் உண்மை. துப்பாக்கியைப் பிடித்திருந்தது உன் கை என்றும் புரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அத்தனை பேர் நடுவில் உன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படத்தை வைத்துத்தான் எழுத வேண்டும், வெளியில் கேள்விப்பட்டதைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் படத்தில் இருக்கிறது. ஆனால் உன் கடிதம் இல்லாவிட்டால் ஒரு சொல்லும் எழுதியிருக்க மாட்டேன். உன் பெயர் இல்லை, படையின் பெயர் இல்லை, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். லாரி நம்பர் என் நினைப்பிலேயே இல்லை. துப்பாக்கியைப் பார்க்கும்போது நான் லாரியைப் பார்ப்பதில்லை. என் வேலையில் எல்லோரும் அப்படித்தான்.

நீ கேட்ட அந்த ஆளின் கையைக் காலைப் பிடிக்க வேண்டியதில்லாமல் போயிற்று. போன திங்கட்கிழமை திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "மறு ஆய்வில், இது தொழிற்சாலைத் தயாரிப்பு என்று கருத இடமிருக்கிறது." பூதக்கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேனே" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் டீயைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து நான் பார்க்காத ஒன்றை எழுதியது இதுதான் முதல் தடவை.

அச்சாகி உங்கள் கமாண்டர் கைக்கு வந்துவிடும். உன் அண்ணனைப் பெட்டியைப் பிரிக்கச் சொல். என்னைத் திட்டு. நன்றாகத் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

நீ ஒன்றரை மாதம் பேசாமல் இருந்தாய். அந்த ஒன்றரை மாதத்தில் இங்கே என்ன நடக்கும் என்று நினைத்தாய்?

உன் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே நான் கமாண்டரிடம் போய், தகரத்தை வெட்டியது நான், கட்டியது நான், பட்டறைக்காரருக்குத் தெரியாது என்று சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அவர் நம்பினார் என்று சொல்ல முடியாது. அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, கிடைத்தது. ஜூன் முதல் தேதி நான் மேலே போக வேண்டும். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உனக்கு எதுக்குடா இந்த வீரம்? உங்க அப்பனுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?" என்று மூச்சு இழுக்க இழுக்கத் திட்டினார். பிறகு பெட்டியைப் பிரித்தார்.

அப்போதுதான் உன் திருத்தம் வந்தது.

கமாண்டர் என்னைக் கூப்பிட்டார். "நீ வெட்டினேன்னு எழுதிக் கொடுத்திருக்கே. இதுல கம்பெனி சாமான்னு போட்டிருக்கு. அப்ப எங்கடா வாங்கினே? யார் வித்தா? இன்னும் என்னென்ன வாங்கி வச்சிருக்கே?" என்றார். தகரம் வெட்டினவன் என்று இருந்தேன், இப்போது கடத்தல்காரன். அண்ணனின் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடினார்கள். அவர் சேர்த்து வைத்திருந்த பழைய சுருள்கம்பி, மறை, திருகு எல்லாம் சேற்றில் கிடந்தது. குனிந்து பொறுக்கக்கூட அவரால் முடியவில்லை. நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.

திட்டச் சொன்னாய். எனக்குத் திட்ட வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதினேன் அக்கா, வாக்குமூலம் கொடுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் வைத்து ஒரு உண்மையை எழுதினாய். பிறகு ஒரு பொய்யை எழுதினாய். இரண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் கேட்டது, எழுதியவரிடம் பேசிச் சொல் என்று. எழுதியது நீதான் என்றால் முதலில் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சொல்லியிருந்தால் நான் கமாண்டரிடமே போயிருக்க மாட்டேன்.

கமாண்டர் உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். எது சரி என்று எழுதிய ஆளே நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். இனி உன் பாடு.

தம்பி


மே 5

தம்பி,

உன் கடிதத்தில் கடைசியில் "உன்" என்ற சொல் இல்லை. பார்த்தேன். பார்ப்பதுதானே என் பிழைப்பு.

நீ சொன்னது அத்தனையும் சரி. எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உன்னிடம் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டே உனக்கு நல்லது செய்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டும் கெட்டது.

அழைப்பு வந்துவிட்டது. இருபத்து நான்காம் தேதி விசாரணை, எங்கள் அலுவலகத்திலேயே. உங்கள் பக்கத்தில் இருந்து ஒரு அதிகாரி வருகிறார். இரண்டில் எது சரி, அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்.

எனக்கு என்ன ஆசை என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ ஜனவரியில் எழுதிய கடிதம் என் பீரோவில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த அதிகாரி முன்னால் வைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கிறது. யார் வெட்டியது, யார் கட்டியது என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது. கொடுத்தால் என் வேலை போகும், போகட்டும். நீ கீழேயே இருப்பாய். அந்த மனுஷர் மேலே போவார். அவர் நல்லவர் என்று தெரியும். ஆனால் அவரை நான் பார்த்ததுகூட இல்லை. நீ என் தம்பி. அப்பா தினமும் சாயங்காலம் வாசலில் போய் நிற்கிறார், தபால்காரர் வரும் நேரம் அது இல்லை என்று சொன்னாலும் கேட்பதில்லை. அவருக்கு நான் என்ன சொல்வேன்? உன் அண்ணன் உன்னைக் கேட்ட அதே கேள்வி.

இல்லாவிட்டால் முதலில் எழுதியதுதான் சரி, திருத்தம் என் பிழை என்று சொல்லலாம். கடத்தல் என்ற பேச்சு அடிபட்டுப் போகும். நீ எழுதிக் கொடுத்தது நிற்கும். நீ மேலே போவாய்.

உன்னைக் கேட்காமல் இரண்டு தடவை செய்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதைச் சொல்கிறேன். கடிதத்தைக் கொடு என்று சொல்லிவிடேன். ஒரே ஒரு தடவை உனக்காக ஏதாவது கேளேன், தம்பி. சின்ன வயதில் இருந்தே உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

டிரைவர் போய்த் திரும்பும் வரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

உன் அக்கா


மே 16

அக்காவுக்கு,

கேட்டாயே, அதற்கே எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. அது இருக்கட்டும்.

கடிதத்தைக் கொடுக்காதே. உன் அறிக்கையில் முதலில் எழுதியதையே சொல். கையால் வெட்டியது என்று சொல். யார் வெட்டியது என்று கேட்டால் அது படத்தில் தெரியாது என்று சொல். அது உண்மைதானே? நீ பொய் சொல்ல வேண்டாம், உனக்கு அது சரியாக வரவும் இல்லை.

அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தானே போய் நின்றுவிடுவார்.

நான் இளசு. முட்டி நன்றாக இருக்கிறது. ஏறுவேன், தண்டனை முடிந்தால் இறங்குவேன். அப்பாவிடம் இடம் மாற்றிவிட்டார்கள், நல்ல காற்று என்று சொல். சத்தமாகச் சொல்.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். டிரைவர் மேலே வரமாட்டார், தபாலில் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் என்று நினைக்காதே. அசதி. பேனாவைத் தூக்குவதே பெரிய வேலையாக இருக்கிறது.

உன் தம்பி


ஆகஸ்ட் 11

செல்லத் தம்பிக்கு,

நீ மேலே போன பிறகு இது என்னுடைய நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் வரவில்லை. நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், அதனால் திட்டவில்லை. தபாலில்தான் போடுகிறேன். பிரித்துப் படிக்கும் ஐயா படிக்கட்டும், மை வேண்டிய இடத்தில் பூசிக்கொள்ளட்டும்.

அப்பாவிடம் நல்ல காற்று என்று சொன்னேன். "காத்து நல்லாத்தான் இருக்கும், மலையாச்சே" என்றார். நான் மலை என்று சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போதும் வாசலில் போய் நிற்கிறார். நானும் கூடப் போய் நிற்கிறேன்.

விசாரணையில் என்ன சொன்னேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன், வந்து சேர்ந்ததோ இல்லையோ. படத்தில் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அந்த அதிகாரி இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார், பிறகு கோப்பை மூடிவிட்டார். பூதக்கண்ணாடி ஒரு வார்த்தை திட்டவில்லை. திருத்தத்தை ஏன் எழுதினேன் என்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும், "கண்ணுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஓய்வு என்றால் வீட்டில் இல்லை. என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே என்ன வேலை என்று உனக்குத் தெரியாது. படங்கள் முதலில் வருவது கீழ்த்தளத்துக்குத்தான். மேலே அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்து மூட வேண்டும். ஆளைப் பார்த்து யாரும் மனம் மாறிவிடக் கூடாதாம். இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்து துப்பாக்கியாகப் பார்த்தேன். இப்போது நாள் முழுக்க முகமாகப் பார்க்கிறேன். எல்லாம் சின்னப் பிள்ளைகள், தம்பி. எனக்கு இது தெரியவே தெரியாது.

நேற்று மேட்டுச் சாவடியில் எடுத்த படம் ஒன்று வந்தது. இதைச் சொல்லக் கூடாது. சொல்கிறேன். கல்சுவர் மேல் உட்கார்ந்திருக்கிறாய். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, என் மேலே சத்தியமாக முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன்னைப் போய் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வலது கன்னத்திலும் கழுத்திலும் சின்னச் சின்னதாகக் கூடு சுட்ட தழும்பு. புதிது சில, ஆறியது சில. எண்ணவில்லை. எண்ண மனசு வரவில்லை.

பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா, படம் திறக்கலையா?" என்றாள். திறந்துவிட்டது என்றேன். உயிரோடு இருக்கிறாய், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. அழுதேன். பிறகு சதுரத்தை எடுத்து உன் முகத்தின் மேல் வைத்து, மேலே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் மேலே இருந்து படம் திரும்பி வந்தது. உன் துப்பாக்கிக்கு நேராக, "கூடுதல் பாகம் எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். நானும் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

உன் அக்கா